சூப்பர்சார்ஜர் காருக்கு இன்னொரு ஹீட் எக்ஸ்சேஞ்சர்: எதற்கு, எங்கே, எப்படி?

முதல் தடவை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது தடவையும் பரவாயில்லை. மூன்றாவது தடவை அதே கார், அதே பெட்ரோல், அதே சாலை. ஆனால் வண்டி இழுக்கத் தயங்குகிறது. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பத்து நிமிடம் நிதானமாக ஓட்டிவிட்டு மறுபடி மிதித்தால் பழைய வேகம் திரும்பிவிடுகிறது.

சூப்பர்சார்ஜர் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கும் இது பழகிய அனுபவம். "முன்னால் இன்னொரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் போடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். சூப்பர்சார்ஜர் சூடாக்கும் காற்றை ஆற்ற உதவும் பாகம் அது. நல்ல யோசனைதான். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று புரிந்துகொண்டு போட்டால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு. அதற்கு முதலில் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். இருபது முப்பது தடவை அடித்ததும் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடும். உராய்வு ஒரு காரணம். காற்றை அழுத்தினாலே அது சூடாகும் என்பது பெரிய காரணம். சூப்பர்சார்ஜர் செய்வதும் அதே வேலைதான். என்ஜினின் சுழற்சியிலிருந்து பெல்ட் வழியே விசை எடுத்து, வெளிக்காற்றை அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம், சக்தி கூடும்.

ஒரு நிஜமான காரை வைத்துப் பேசுவோம். ஜெர்மனியின் அஃபால்டர்பாக்கில் இருக்கும் ஏஎம்ஜி உருவாக்கிய மெர்சிடிஸ் ஈ55, டபிள்யூ211 தலைமுறை. 2006-ல் அதன் இடத்துக்கு சூப்பர்சார்ஜர் இல்லாத ஈ63 வந்தது. ஈ55-ன் எம்113கே என்ஜின் 5,439 சிசி வி8. 476 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் டார்க். இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே, வி-யின் பள்ளத்தில் சூப்பர்சார்ஜராக ஒரு திருகு வகை கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் லிஷோம் 1930-களில் உருவாக்கிய வடிவமைப்பின் வழிவந்தது இது. நிமிடத்துக்கு 23,000 சுற்று வரை சுழன்று, மணிக்கு 1,850 கிலோ வரை காற்றைத் தள்ளும். உச்ச அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் 0.8 பார். எப்போதும் ஓடாது, மின்காந்த கிளட்ச் ஒன்று தேவைப்படும்போது மட்டும் அதை பெல்ட்டோடு இணைக்கும்.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்கு. வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1.8 மடங்கு அழுத்தினால், ஒரு குறையுமில்லாத கம்ப்ரஸரில்கூட வெப்பநிலை சுமார் 55 டிகிரி ஏறும். இயற்பியலின் விதி அது, தப்பிக்க வழியில்லை. எந்த இயந்திரமும் குறையில்லாதது அல்ல. திறன் 65 சதவீதம் என்று வைத்தால் ஏற்றம் 85 டிகிரி ஆகிறது. அதாவது 30 டிகிரியில் உள்ளே போன காற்று 115 டிகிரியில் வெளியே வருகிறது.

இவ்வளவு சூடான காற்றால் இரண்டு கெடுதல். சூடான காற்று விரிந்து கிடப்பதால் அதே இடத்தில் குறைவான ஆக்ஸிஜன்தான் அடங்கும். அழுத்தம் மாறாமல் 115 டிகிரி காற்றை 50 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி 20 சதவீதம் கூடும். இன்னொரு கெடுதல் அதைவிட ஆபத்தானது. சிலிண்டருக்குள் கலவை தானாகவே தாறுமாறாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். நாக்கிங் நீடித்தால் பிஸ்டன் போய்விடும். அதனால் என்ஜினை நிர்வகிக்கும் கணினியான ஈசியூ, காற்று சூடாவதைப் பார்த்ததுமே ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போட்டு என்ஜினைக் காப்பாற்றுகிறது. மூன்றாவது மிதியில் நீங்கள் உணர்ந்த தயக்கம் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் என்ஜினை ஈசியூ பத்திரப்படுத்தியதன் அடையாளம்.

தண்ணீர் எப்படிச் சூட்டைச் சுமக்கிறது

அழுத்திய காற்றை ஆற்றுவதற்காக இருப்பது இன்டர்கூலர். சில கார்களில் அது முன்பக்க கிரில்லில் நின்று வெளிக்காற்றாலேயே நேரடியாக ஆறும். ஈ55 போன்றவற்றில் கம்ப்ரஸருக்கும் சிலிண்டருக்கும் இடையே தூரமே இல்லை. காற்றை முன்னால் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர இடம் கிடையாது. அதனால் அழுத்திய காற்று அங்கேயே, தண்ணீர் ஓடும் ஒரு சிறிய இன்டர்கூலர் வழியே போகிறது. காற்றின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். மின்சார பம்ப் ஒன்று அந்தத் தண்ணீரை காரின் முகப்புக்குத் தள்ளும். அங்கே ரேடியேட்டர் போலவே தோன்றும் ஒரு தட்டையான பாகம் இருக்கிறது. வெப்பத்தைக் கைமாற்றுவதால் அதற்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர், வெப்ப மாற்றி என்று பெயர். அதில் வெளிக்காற்று பட்டுத் தண்ணீர் ஆறி, மறுபடி இன்டர்கூலருக்குத் திரும்பும். 2003 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவிலும், ஆடி எஸ்4-ன் 3.0 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி6-லும் அடிப்படை ஏற்பாடு இதுவே.

என்ஜினை ஆற்றும் பெரிய ரேடியேட்டர் ஏற்கெனவே இருக்கிறதே, அந்தத் தண்ணீரையே அனுப்பினால் என்ன என்று கேட்கத் தோன்றும். என்ஜின் கூலன்ட் வழக்கமாக 90 டிகிரியை ஒட்டியே இருக்கும். 90 டிகிரித் தண்ணீரால் காற்றை 50 டிகிரிக்கு இறக்க முடியாது. அதனால்தான் குறைந்த வெப்பநிலையில் ஓடும் தனிச்சுற்று தேவைப்படுகிறது.

இப்போது ஒரு கண்மாயை மனதில் வையுங்கள். மழை கொட்டும்போது வரத்துக்கால் வழியே வெள்ளம் வருகிறது. மடை வழியே தண்ணீர் வெளியேறுகிறது. வரத்து அதிகமாக இருந்தால் மட்டம் ஏறும். சின்னக் கண்மாய் என்றால் விறுவிறுவென்று ஏறும், பெரிய கண்மாய் என்றால் மெல்ல ஏறும். மழை விட்ட பிறகு, மடை எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் மட்டம் இறங்கும். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: மட்டம் உயரமாக இருக்கும்போது மடையில் தண்ணீர் சீறிப் பாயும், மட்டம் இறங்க இறங்கப் பாய்ச்சல் தளரும்.

இங்கே வெள்ளம் என்பது வெப்பம். மட்டம் என்பது தண்ணீரின் வெப்பநிலை. கண்மாயின் கொள்ளளவு, சுற்றில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது. மடைதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

வரத்து எவ்வளவு என்று பார்ப்போம். மணிக்கு 1,850 கிலோ காற்றை 65 டிகிரி இறக்க வேண்டுமானால், நொடிக்கு நொடி சுமார் 34 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் பதினேழை ஒரே நேரத்தில் போட்டது போல. என்ஜின் உச்ச வேகத்தில் இருக்கும்போது வரும் மேல்வரம்பு அது. ஆனாலும் சிறிய எண் இல்லை. சுற்றில் 5 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மடை முழுக்க அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் நொடிக்கு 1.6 டிகிரி சூடாகும். 13 நொடி முழு மிதி என்றால் 20 டிகிரிக்கு மேல். இன்னும் 3 லிட்டர் சேர்த்து 8 லிட்டர் ஆக்கினால் நொடிக்கு ஒரு டிகிரிதான். அதே 13 நொடியில் 13 டிகிரி.

மறுபக்கம், சாதாரணமாக ஓட்டும்போது கிளட்ச் விலகியிருக்கும். கம்ப்ரஸர் ஓடாது, வரத்து கிட்டத்தட்ட இல்லை. ஆக இந்தச் சுற்றுக்கு வெப்பம் ஒரே சீராக வருவதில்லை. திடீர் மழையாகக் கொட்டும், பிறகு விடும். அடுத்த மழைக்குள் மட்டம் இறங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. கூடுதல் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தரும் பெரிய நன்மை இங்கேதான்: இரண்டாவது மடை, கூடவே கொஞ்சம் அதிகக் கொள்ளளவு. முதல் மிதியில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவதிலும் நான்காவதிலும் அது பேசும். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேக வரம்பு இல்லாத பகுதிகளில் மீண்டும் மீண்டும் வேகமெடுப்பவருக்கும், பந்தயத் தடத்தில் சுற்றுபவருக்கும் இது உண்மையான உதவி. வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்டுபவருக்கு அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கச் சொல்வேன்.

எத்தனை எக்ஸ்சேஞ்சர் போட்டாலும் தண்ணீர் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாகாது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே கண்மாயை வடிக்க முடியாதது போல. பலனும் இரட்டிப்பாகாது. முதல் எக்ஸ்சேஞ்சர், வெளிக்காற்றைவிடக் கூடுதலாக உள்ள சூட்டில் 60 சதவீதத்தை எடுக்கிறது என்று கொள்வோம். அதே அளவில் அதன் பின்னால் வரும் இரண்டாவது, மிச்சமிருக்கும் 40-ல் 60 சதவீதத்தை, அதாவது 24-ஐத்தான் எடுக்கும். அதுவும் அதற்குப் புதுக்காற்று கிடைத்தால்.

கடைக்குப் போகும் முன்

பலரும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இருக்கிற சுற்று ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்காமல் இன்னொரு எக்ஸ்சேஞ்சர் வாங்காதீர்கள். இந்த கார்களில் பல இருபது வயதை நெருங்கியவை, அல்லது தாண்டியவை. மின்சார பம்ப் தேய்ந்துபோகும், இணைப்பான் துருப்பிடிக்கும், பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே செத்துப்போகும். பம்ப் நின்றுபோன சுற்றில் பத்து எக்ஸ்சேஞ்சர் மாட்டினாலும் தண்ணீர் நகராது. சில கார்களில் பம்ப் எப்போதும் ஓடும். சிலவற்றில் வெப்பநிலை ஏறினால் மட்டும். அதனால் சத்தத்தை வைத்து முடிவு செய்யாமல் ஸ்கேனர் வழியாகப் பம்பை இயக்கிப் பார்ப்பது நல்லது. கூலன்ட் தொட்டியில் தண்ணீர் சுழல்வது தெரிந்தால் ஓட்டம் இருக்கிறது.

இருக்கும் எக்ஸ்சேஞ்சரின் முகத்தையும் பாருங்கள். பூச்சி, இலை, மண் எல்லாம் மடிப்புகளுக்குள் அடைந்திருக்கும். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

பிறகு அளவெடுங்கள். காரின் கணினியில் செருகி எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்று போதும். வெளிக்காற்றின் வெப்பநிலை, மிதிக்கும் முன் உள்ளிழு காற்றின் வெப்பநிலை, மிதித்து முடித்த கணத்தில் அது, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் என்று நான்கையும் மூன்று மிதிகளுக்கும் எழுதி வையுங்கள். அந்த சென்சார் இன்டர்கூலருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று உங்கள் காருக்குத் தெரிந்துகொண்டால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. இந்தச் சோதனையை மூடிய தடத்திலோ, சட்டப்படி வேகமாகப் போகக்கூடிய இடத்திலோ மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும்.

எங்கே வைப்பது

காரின் முகப்பில் ஏற்கெனவே நெரிசல். ஏசி கண்டென்சர், என்ஜின் ரேடியேட்டர், இப்போதிருக்கும் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றின் முன்னால் இன்னொன்றை நிறுத்தினால் அதற்குப் புத்தம்புதுக் காற்று கிடைக்கும். ஆனால் பின்னால் நிற்பவை அதன் சூட்டை வாங்கும், காற்றோட்டமும் குறையும். கோடையில் ஏசி சற்றுத் தளரலாம், என்ஜின் வெப்பநிலை ஏறலாம். நன்மை என்னவென்றால், டிராஃபிக்கில் நிற்கும்போதும் பெரிய விசிறி அதன் வழியே காற்றை இழுக்கும்.

இன்னொரு வழி, பம்பரின் கீழ்மூலையில், சக்கரத்துக்கு முன்னால் வைப்பது. அங்கே யாருடைய காற்றையும் அது பறிப்பதில்லை. ஓடும்போது நன்றாக ஆறும். நின்றால் காற்றே கிடையாது. தெறிக்கும் கல்லும் படும், ஒரு வலை போட்டாக வேண்டும். வேகமாக ஓட்டுபவருக்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்பதால் எனக்கு மூலைதான் பிடிக்கும்.

எங்கே வைத்தாலும், காற்று உள்ளே வருவதைப் போலவே வெளியே போவதற்கும் வழி வேண்டும். பின்பக்கம் பிளாஸ்டிக் சுவர் அடைத்திருந்தால் முன்பக்கத் திறப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் காற்று எக்ஸ்சேஞ்சரை விட்டுவிட்டு அந்தச் சுலபமான வழியில் போய்விடும். ரப்பர் பட்டையோ நுரைப்பட்டையோ வைத்து ஓரங்களை அடையுங்கள். அரை மணி நேர வேலை. விலையுயர்ந்த எக்ஸ்சேஞ்சர் வாங்கியவர்களில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இணைப்பில் இரண்டு முறை உண்டு. தொடராக இணைத்தால் மொத்தத் தண்ணீரும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். குழாய் வேலை எளிது, ஆனால் பம்புக்கு எதிர்ப்பு கூடும், ஓட்டம் குறையும். பக்கவாட்டில் பிரித்து இணைத்தால் எதிர்ப்பு குறையும், ஆனால் எதிர்ப்பு குறைந்த பக்கமே அதிகத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு அளவு என்றால் பங்கீடு சரியாக அமைவது கடினம். தொடக்கக்காரருக்குத் தொடர் இணைப்பே நல்லது, பம்பின் திறனைச் சரிபார்த்துக்கொண்டு. மிகக் குளிர்ந்த காற்று கிடைக்கும் எக்ஸ்சேஞ்சர் கடைசியில் வரட்டும். அங்கிருந்து தண்ணீர் இன்டர்கூலருக்குப் போகட்டும்.

"தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரம் கிடைக்காது, அதனால் பம்ப் மெதுவாக இருப்பதே நல்லது" என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. ஒரு சுற்றில் குறைவாக ஆறினாலும், அதே தண்ணீர் நிமிடத்தில் அதிகத் தடவை சுற்றி வருகிறதே. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடும்போது 34 கிலோவாட் வெப்பத்துக்குத் தண்ணீர் ஒரு சுற்றில் 24 டிகிரி ஏறும். 10 லிட்டர் ஓடினால் 48 டிகிரி. இன்டர்கூலரின் பின்பாதி வெந்நீரில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஓட்டம் அதிகம் இருப்பதே நல்லது.

பொருத்தும் வேலை

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறப்பது கையையும் முகத்தையும் சுட்டுக்கொள்ளும் வழி. பேட்டரி இணைப்பைக் கழற்றி, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். முன்பக்கத்தில் ஏர்பேக்கின் மோதல் சென்சார்கள் இருக்கக்கூடும். பிறகு அடித்தகடு, பம்பர் தோல் என்று கழற்றுங்கள். பம்பர் தோலுக்குப் பின்னால் இருக்கும் மோதல் சட்டத்தை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள், துளையிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சர் அங்கே அடங்காவிட்டால் சிறியதாக வாங்குங்கள். உயிரைக் காக்கும் பாகம் அது.

எக்ஸ்சேஞ்சரை உடலோடு இறுக்கி முடுக்காமல் ரப்பர் புஷ் வைத்துப் பொருத்துங்கள். அதிர்வு நேராக ஏறினால் வெல்டிங் விரிசல் விடும். குழாய் முனைகளில் விளிம்பு புடைத்திருக்க வேண்டும். வழுவழுப்பான முனையில் கிளாம்ப் நழுவிவிடும். ஹோஸின் உள்விட்டம் பழைய குழாயோடு பொருந்தட்டும். பல கார்களில் 19 மில்லிமீட்டர் ஹோஸ் வரும், வாங்கும் முன் அளந்துவிடுங்கள். கூர்மையாக வளைத்தால் ஹோஸ் மடிந்து ஓட்டத்தை அடைக்கும்; அங்கே வளைந்த வடிவிலேயே வார்த்த ஹோஸ் துண்டைப் போடுங்கள். இரும்புத் தகட்டின் விளிம்பு உரசும் இடங்களில் உறை போடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எதையும் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது பம்ப் சேர்ப்பதாக இருந்தால் பழைய பம்பின் கம்பியிலேயே ஒட்டிவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே தனிக்கம்பி, அதை இயக்க ஒரு ரிலே. பம்ப் சுற்றின் தாழ்ந்த இடத்தில் இருக்கட்டும், தண்ணீர் தானாக இறங்கி அதற்குள் வரும்படி.

கூலன்ட் விஷயத்தில் தயாரிப்பாளர் சொன்ன வகையையே பயன்படுத்துங்கள். வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள். வெறும் தண்ணீர் வெப்பத்தை அதிகம் சுமக்கும் என்பது உண்மை. ஆனால் சுற்றில் அலுமினியப் பாகங்கள் இருக்கும். அரிப்புத் தடுப்பான் இல்லாத தண்ணீர் அதைத் தின்றுவிடும். ஜெர்மனிக் குளிர்காலத்தில் உறைந்து வெடிக்கவும் செய்யும். கலப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீர்.

கடைசியில் காற்று நீக்கம். புதிதாகச் சேர்த்த எக்ஸ்சேஞ்சரில் பெரிய காற்றுக் குமிழி தங்கினால் அதன் ஒரு பகுதி வேலை செய்யாது. பம்புக்குள் காற்று புகுந்தால் வெறுமனே சுழலும். வெற்றிடக் கருவியால் நிரப்புவதே சிறந்தது. அது இல்லையென்றால் காரின் முகப்பைத் தூக்கி, தொட்டியைச் சுற்றின் உயரமான இடமாக்கி, பம்பை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பொறுமை வேண்டிய வேலை.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நிரப்பி முடித்த பிறகு தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே போய், தரையில் ஒரு சொட்டுகூட இல்லையென்றால் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்டர்கூலரின் உட்புறம் ஓட்டையாகித் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுற்றை அழுத்தச் சோதனை செய்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே வெளி வெப்பநிலை கிடைக்கும் ஒரு நாளில் அதே நான்கு எண்களை மறுபடி எடுங்கள். முதல் மிதியின் எண் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்றாவது மிதிக்கு முன்னால் காற்று எவ்வளவு இறங்கியிருக்கிறது, திரும்ப எத்தனை நிமிடம் எடுத்தது என்பதை. கூடவே என்ஜின் கூலன்ட் வெப்பநிலையையும் கவனியுங்கள். அது முன்பைவிட ஏறியிருந்தால் புதிய எக்ஸ்சேஞ்சர் ரேடியேட்டரின் காற்றைப் பறிக்கிறது, இடத்தை மாற்ற வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கிளாம்ப்களை ஒருமுறை முடுக்கி, தொட்டியின் மட்டத்தைப் பார்த்துவிட்டு அடித்தகடை மாட்டுங்கள்.